பெய்யாத நாளும் எழுதாத நாளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் தமிழின் தொன்மையைப் பேசுவர். அல்லது திருக்குறளின் பெருமையைப் பேசுவர். அவற்றைக் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "நீங்கள் புள்ளியியலைப் பற்றிப் பேச வேண்டும்" என்று கட்டளையிட்டார். நாம் திடுக்கிட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர் நாம். காலையில் வரதய்யபாளையத்திலிருந்து தடா நிலையத்திற்கு ஓடுவதும், இரவு திரும்புவதும், இடையில் பதிவேடுகளில் எண்களை எழுதுவதுமே நம் வாழ்வு. எண்களை எழுதத் தெரியுமே அன்றி, எண்களின் சாத்திரம் நமக்கு என்ன தெரியும்? ஆயினும் செயலாளர் ஏன் நம்மைத் தேடி வந்தார் என்பது நமக்குத் தெரியும். நம் காலனியில் பலருக்கும் தெரியும். ஆகவே மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை என்று இம்மேடைக்கு வந்தோம்.

நம் காலனியில் ஒரு பெண் புள்ளியியலில் முதுகலை முடித்து, திருப்பதியில் ஆய்வு மாணவியாக இருக்கிறாள். அவளுடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். அவளைப் பற்றி நாம் பேசிக்கொள்வதெல்லாம் என்ன? "இருபத்தைந்து வயதாயிற்று, இன்னும் படிப்பாம்." "எந்நேரமும் கணிப்பொறியின் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டச்சு செய்கிறாள். அதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்." "வங்கித் தேர்வு எழுதியிருந்தால் இந்நேரம் சம்பளம் வாங்கியிருப்பாள்." இவ்வாறு பேசியோரில் நாமும் ஒருவர். அவள் தந்தையாரிடம் வங்கித் தேர்வின் விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்தவரும் நாமே. அதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இனி விஷயத்திற்கு வருவோம். அவளுடைய ஆய்வு இந்தக் கரையோரத்து மழையைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை நம் பகுதியில் எப்படிக் கொட்டும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஒரே நாளில் மிகப் பெருமழை பெய்வது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நேரலாம், அதன் அளவு என்னவாக இருக்கலாம் என்று கணக்கிடுவதே அவள் எடுத்துக்கொண்ட வேலை. அதற்குப் பல இடங்களின் மழைப் பதிவுகள் தேவைப்பட்டன. பாலங்களையும் பாதையையும் காக்கும் பொருட்டு ரயில்வேயிலும் மழை அளக்கப்படுவது உண்டு. நாம் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் அத்தகைய பதிவேடு ஒன்று இருந்தது. அவள் உரிய அனுமதி பெற்று, அதன் படிகளை வாங்கிச் சென்றாள். பதிவேட்டில் இருந்த கையெழுத்துப் பெரும்பாலும் நம்முடையது என்பதில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவள் நம் வீட்டிற்கு வந்தாள். கையில் ஒரு தாள். "மாமா, உங்கள் பழைய ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மழையே பெய்யாதா?" என்று கேட்டாள்.

நாம் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. தாளைக் காட்டினாள். பல ஆண்டுகளின் மழையைக் கிழமை வாரியாகப் பிரித்து ஏழு கம்பங்களாக வரைந்திருந்தாள். செவ்வாய் முதல் சனி வரை ஐந்து கம்பங்கள் ஏறக்குறைய ஒரே உயரம். ஞாயிற்றுக்கு உரிய இடத்தில் கம்பமே இல்லை. திங்கட்கிழமைக் கம்பமோ மற்றவற்றைப் போல் இருமடங்கு நின்றது. மேகத்திற்குக் கிழமை தெரியாது, மனிதனுக்குத்தான் தெரியும். ஞாயிறு வார ஓய்வு. மழைமானியைப் பார்க்க வேண்டியவர் அன்று வருவதில்லை. திங்கள் காலை எட்டரை மணிக்கு அவர் அளந்தது இரண்டு நாள் மழையை. நாம் ஞாயிற்றுக்குச் சுழியும், திங்களுக்கு முழுத்தொகையும் எழுதி வந்தோம். மாத முடிவில் கூட்டுத்தொகை சரியாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை. கேட்காதது தவறில்லாமைக்குச் சான்றாகாது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

"இது பரவாயில்லை மாமா; இரண்டு நாளின் கூட்டு என்று தெரிந்துவிட்டதால் இதைக் கையாள வழி உண்டு. ஆனால் இந்த நான்கு நாளைப் பாருங்கள்" என்று அவள் இன்னொரு தாளை எடுத்தாள். 2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். சென்னை முதல் நெல்லூர் வரை வெள்ளத்தில் மிதந்த அந்த மாதத்தை இங்கிருப்போர் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பாதையின்மேல் தண்ணீர் ஏறி வண்டிகள் நின்றுபோன நாட்கள் அவை. சுற்றியுள்ள மானிகளிலெல்லாம் பெருமழை பதிவாகியிருக்க, நம் பதிவேட்டில் தொடர்ந்து நான்கு நாள் சுழி, சுழி, சுழி, சுழி.

நடந்தது இதுதான். மானியைப் பார்ப்பவர் ஓடையைக் கடந்து வர இயலவில்லை. ஐந்தாம் நாள் அவர் வந்தபோது மானியின் குப்பி நிரம்பி வழிந்து கிடந்தது. எவ்வளவு வழிந்தது என்று யார் சொல்லக்கூடும்? நாம் அந்த நான்கு கட்டங்களையும் காலியாக விட்டு, மாத அறிக்கையை மேலே கொண்டுபோனோம். "கட்டம் காலியாக இருந்தால் அறிக்கை திரும்பி வரும், ஏதாவது எழுது" என்றார் அன்றைய மேலதிகாரி. அவர் மீது பழி சொல்லவில்லை. 'ஏதாவது' என்றுதான் அவர் சொன்னார். சுழியைத் தேர்ந்தெடுத்தது நம் கை. 'அளக்கவில்லை' என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். இடம் இருந்தது, மை இருந்தது, மனம் இல்லை.

அன்பர்களே! சுழி என்பது ஓர் எண். "பார்த்தோம், மழை இல்லை" என்பது அதன் பொருள். காலிக் கட்டமோ "பார்க்கவில்லை, தெரியாது" என்று சொல்கிறது. பெய்யாத நாளும் எழுதாத நாளும் ஒன்றாகா. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மாதத்தில் இருபது நாள் மட்டும் மழையை அளந்து, மொத்தம் 200 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அளந்த நாட்களின் சராசரி 10. அளக்காத பத்து நாளுக்கும் சுழி எழுதிவிட்டால் சராசரி ஏழுக்கும் கீழே இறங்கிவிடும். மழை குறையவில்லை, எழுத்தன் குறைத்துவிட்டான். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. அந்த நான்கு நாள் ஏன் விடுபட்டன? மழை மிகுந்ததால் விடுபட்டன. எந்த நாளை அளந்திருக்க வேண்டுமோ அந்த நாளே அளவையைத் தடுத்துவிட்டது. தற்செயலாக விடுபட்டதையும், அளக்கப்படும் பொருளே காரணமாக விடுபட்டதையும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்பதை 1976-இல் டொனால்ட் ரூபின் என்னும் அறிஞர் முறையாக வகுத்துக் கொடுத்தாராம். அவள் சொல்லக் கேட்டோம்.

"நான்கு நாள்தானே, அதனால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். ரயில்வேக் குடும்பத்தார்க்கு இதற்கு விடை தெரியும். ஓடையின் குறுக்கே பாலம் கட்டும்போது அதன் கண் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். முக்கியமான பாலங்களுக்கு நூறாண்டு வெள்ளத்தைக் கொள்வர். இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நாற்பத்தொன்பது ஆண்டும் வராது என்று நினைக்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வோராண்டும் நூற்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்பு என்பதே. வராமலிருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இந்தத் தொண்ணூற்றெட்டை ஐம்பதுமுறை பெருக்கிக்கொண்டே போனால், ஐம்பதாண்டும் அவ்வெள்ளம் வராமலே கழிய நூற்றுக்கு முப்பத்தாறு பங்கே வாய்ப்பு மிஞ்சுகிறது. ஒருமுறையேனும் வந்துவிட அறுபத்துநான்கு பங்கு. அத்தகைய அருமையான நாட்களை வைத்துத்தான் கணக்கு முழுவதும் நிற்கிறது. அந்நாட்களின் கட்டத்தில் ஒருவன் சுழி எழுதினால், பாலத்தின் கண் சுருங்கும். பாதை அடித்துச் செல்லப்படும். நள்ளிரவில் அவ்வழியே வரும் வண்டியில் யார் இருப்பார் என்று யார் அறிவார்?

இனி, அந்தப் பெண் கணிப்பொறியில் என்னதான் தட்டச்சு செய்கிறாள் என்று பார்ப்போம். கேட்டோம், பொறுமையாகச் சொன்னாள். அவள் எழுதுவது 'ஆர்' என்னும் கணிப்பொறி மொழியில். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார்கள். இருவர் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக இருந்ததால் அவ்வெழுத்தே மொழிக்குப் பெயராயிற்று. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அதன் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. உலகில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பெறலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஏழை மாணவர்க்கு இதைவிடப் பெரிய கொடை வேறென்ன வேண்டும்?

அம்மொழியில் நம்மைக் கவர்ந்தது ஒன்று. தெரியாத இடத்தைக் குறிக்க அதில் 'என்.ஏ.' என்று தனிக்குறியே இருக்கிறது. முப்பது நாள் மழையில் ஒரே ஒரு நாள் 'என்.ஏ.' என்றிருக்க, சராசரி என்ன என்று கேட்டால், அது எண்ணைச் சொல்லாது, 'என்.ஏ.' என்றே விடை தரும். "ஒரு நாள் தெரியாதபோது முப்பது நாளின் சராசரி மட்டும் எப்படித் தெரியும்?" என்பது அதன் வாதம். விட்டுவிட்டுக் கணக்கிடு என்று நாமே வெளிப்படையாக ஆணையிட்டால்தான் கணக்கிடும். அந்த ஆணையும் எழுத்தில் நின்றுவிடும். பின்னால் பார்ப்பவர், 'இவர் இதை விட்டுவிட்டார்' என்று அறியலாம். உயிரற்ற பொறிக்கு இருந்த நேர்மை, உயிருள்ள எழுத்தருக்கு இல்லாமற்போயிற்றே என்று நாம் வெட்கப்பட்டோம்.

நிரல் எழுதுவது என்றால் என்ன என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. நம் அலுவலகங்களில் ஒரு விதி உண்டு: பதிவேட்டில் மேலெழுதக் கூடாது, அழிக்கக் கூடாது, தவறிருந்தால் ஒரு கோடிட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். ஆய்வு மாணவர் செய்வதும் அதுவே. முதலில் கிடைத்த எண்களைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அவற்றின்மீது செய்யும் ஒவ்வொரு செயலையும், திருத்தத்தையும், நீக்கத்தையும் வரிவரியாக நிரலில் எழுதுகிறார்கள். பிறிதொருவர் அதே எண்களையும் அதே நிரலையும் எடுத்து ஓட்டினால் அதே விடை வர வேண்டும். ஆக, அவள் இரவெல்லாம் தட்டச்சு செய்வது தன் செயலுக்குத் தானே எழுதும் சாட்சியம்.

இந்தச் சாத்திரம் நம் ஊருக்கு அயலானது என்று எண்ண வேண்டாம். நாம் தினந்தோறும் பயணம் செய்யும் சென்னை – கூடூர் இருப்புப்பாதையை எண்ணிப் பாருங்கள். வடகோடியில் கூடூர், தெற்கே பொன்னேரி, இடையில் நம் தடா. கூடூரில் ஒரு சிறுவன் பள்ளியில் படித்தான். அவர்தாம் பின்னர் உலகம் போற்றிய சி. ஆர். ராவ். 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்டத்தில் ஹடகளி என்னும் ஊரில், ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளுள் எட்டாமவராகப் பிறந்தார். எட்டாம் பிள்ளை என்பதால் கண்ணன் பெயரை வைத்து ராதாகிருஷ்ணன் என்று அழைத்தனர். தந்தையார் காவல்துறையில் பணியாற்றியதால் ஊர் ஊராக மாற்றல். அதனால் பள்ளியும் ஊர் ஊராக மாறிற்று. மாற்றலின் துன்பம் அறிந்த நம் காலனிப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்தபோது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வேலை தேடிக் கல்கத்தா சென்றார். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் தென்னிந்தியர் தங்கும் விடுதி ஒன்றில், புள்ளியியற் பயிற்சிக்காக அங்கு வந்திருந்த ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் அழைத்துச் சென்று காட்டிய இடமே மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம். 1941-இல் ராவ் அங்கே சேர்ந்தார். வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் ஒருவரோடொருவர் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டதன் பயனைப் பாருங்கள்! நம்மைப் போன்ற சங்கங்கள் எதற்கு என்று கேட்போர்க்கு இது ஒன்றே போதும்.

1943-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மறு ஆண்டே மாணவர்க்குப் பாடம் சொல்லலானார். ஒரு நாள் வகுப்பில், பெருந்தொகையான அளவைகளுக்கு ரொனால்டு ஃபிஷர் கண்ட விதியை விளக்கிக்கொண்டிருந்தார். தாண்டேகர் என்னும் மாணவர் எழுந்து, "அளவைகள் சிலவாக இருந்தால் இவ்விதி என்ன ஆகும்?" என்று வினவினார். அன்றிரவு ராவ் அதை ஆராய்ந்து விடை கண்டார். எத்துணைத் திறமையாகக் கணக்கிட்டாலும், கையிலுள்ள சான்றுகள் தரும் துல்லியத்திற்கு மேல் செல்ல இயலாது என்னும் எல்லை அது. 1945-இல் வெளிவந்த அக்கட்டுரையால், சுவீடன் நாட்டுக் கிராமர் பெயரோடு இணைந்து 'கிராமர் – ராவ் எல்லை' என்று இன்றும் வழங்குகிறது. 'எவ்வளவு அறியலாம்' என்பதைப் போலவே 'எவ்வளவுக்கு மேல் அறிய இயலாது' என்பதும் அறிவே ஆகும்.

பின்னர் 1946-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். சூடான் நாட்டின் ஜெபல் மோயா என்னுமிடத்தில் ஹென்றி வெல்கம் அகழ்ந்தெடுத்த பழைய எலும்புகளின் அளவைகளை ஆராய்வது அவருக்கு இடப்பட்ட வேலை. அம்மக்கள் எம்மக்களோடு நெருங்கியவர் என்பதை மகலனோபிஸ் வகுத்த முறையால் காண வேண்டும். கணிப்பொறி இல்லாத காலம். மேசைக் கணக்குப் பொறியைக் கொண்டு எண் எண்ணாகச் செய்தாக வேண்டும். அதனோடு ஃபிஷரின் ஆய்வுக்கூடத்து எலிகளையும் பார்த்துக்கொண்டு, 1948-இல் அவரிடமே முனைவர் பட்டம் பெற்றார். மண்ணுக்குள் கிடந்த எலும்பெல்லாம் முழுதாகக் கிடைப்பதில்லை. பெரிய மண்டையோடுகளே எளிதில் உடைவனவாக இருந்தால், உடையாதவற்றை மட்டும் அளந்து எடுத்த சராசரி உண்மையைவிடச் சிறிதாகத்தானே இருக்கும்? கைக்கு எட்டியது எவ்வழியாக எட்டியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்னும் கருத்தை அவர் 1965-இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். நூற்றிரண்டு ஆண்டு வாழ்ந்து, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் மறைந்தார்.

இப்போது பொன்னேரிக்கு வருவோம். அங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளை சீனிவாச வரதன். 1940-இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் பள்ளி ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கல்கத்தாக் கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் கூடூரில் படித்த அதே ராவ்! 1962-இல் கல்கத்தாவுக்கு வந்த ருசியப் பேரறிஞர் கோல்மகோரவ் அம்மாணவரின் ஆய்வுரையை நேரில் அமர்ந்து கேட்டார். மிக அரிதாக நேரும் நிகழ்ச்சிகளின் வாய்ப்பைக் கணிக்கும் கொள்கையை ஒருமுகப்படுத்தியதற்காக 2007-இல் வரதன் அவர்களுக்கு ஏபெல் பரிசு வழங்கப்பட்டது. ஒரே இருப்புப்பாதையின் இரு நிலையங்களில் படித்த இருவர், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஆசிரியரும் மாணவருமாகச் சந்தித்தனர். அப்பாதையில் தினமும் சீட்டாடிக்கொண்டு போகிறோமே, இனிச் சன்னல் வழியே பொன்னேரி நிலையத்தின் பெயர்ப்பலகையைச் சற்று மரியாதையோடு பார்ப்போம்.

இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். ஆபிரகாம் வால்டு என்னும் அறிஞர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஒரு கணக்கைச் செய்தார். போருக்குச் சென்று திரும்பிய விமானங்களில் குண்டு பட்ட இடங்களை எண்ணி வைத்திருந்தார்கள். ஆனால் திரும்பாத விமானங்களில் எங்கே பட்டது என்று யாருக்கும் தெரியாது. திரும்பியவற்றில் துளை மிகுந்த இடத்தைக் காட்டி, "இங்கேதான் அபாயம்" என்று சொல்லத் தோன்றும். அந்த இடத்தில் அடிபட்டும் திரும்பி வந்துவிட்டதே! துளையே காணப்படாத இடத்தில் அடிபட்டவைதாம் திரும்பவில்லை போலும். காணாமற்போனவற்றையும் கணக்கில் கொண்டு விடை காணும் வழியை அவர் வகுத்தார். இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற வந்த அவர், 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நம் நீலகிரி மலையில் விமான விபத்தில் மனைவியாரோடு மாண்டார். திரும்பாத விமானங்களைப் பற்றிச் சிந்தித்தவர் சென்ற விமானமே திரும்பவில்லை.

நிற்க. நம் கதைக்குத் திரும்புவோம். அந்த ஞாயிறு மாலை அவளுடைய தந்தையாரும் வந்து சேர்ந்தார். மூன்று மாத வேலையை மறுபடி செய்ய வேண்டும் என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. உதவித்தொகை முடியும் காலம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் தள்ளிப்போகும். வீட்டில் இளையவன் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கிறது. "அரசாங்கப் பதிவேட்டில் சுழி என்று இருக்கிறது. நீ அதை வைத்துக் கணக்குப் போட்டாய். உன் பேரில் என்ன தவறு? யார் போய்த் தோண்டப் போகிறார்கள்?" என்றார். நாமும் அதையே விரும்பினோம் என்று சொல்ல நா கூசுகிறது, ஆனால் உண்மை. தோண்டினால் வெளிப்படுவது நம் கையெழுத்தல்லவா?

அவள் தந்தையாரிடம் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "அப்பா, நான் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் அது தவறு. கண்டுபிடித்தபின் அப்படியே விட்டால் அது பொய்" என்றாள். பிறகு நம் பக்கம் திரும்பி, "மாமா, அந்த நாட்களில் அளக்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுக்க முடியுமா? நானாக ஊகித்தேன் என்று இருக்கக் கூடாது, எழுதியவர் சொன்னார் என்று இருக்க வேண்டும்" என்றாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் இல்லை. வீட்டில், "பழைய சாம்பலை ஏன் கிளற வேண்டும்? ஓய்வூதியத்திற்கு ஏதேனும் வந்துவிட்டால்?" என்று அஞ்சினார்கள். அச்சம் நியாயமானதே. இரண்டு நாள் கழித்து நாம் இப்போதைய மேலதிகாரியிடம் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின் நன்றாகக் கண்டித்தார். கண்டித்தபின், "எழுதிக் கொடு, எனக்கும் ஒரு படி கொடு" என்றார். நாம் எழுதினோம்: "கீழ்க்கண்ட ஞாயிற்றுக்கிழமைகளுக்கும், 2015 நவம்பரின் நான்கு நாட்களுக்கும் எழுதப்பட்டுள்ள சுழி, மழையின்மையைக் குறிப்பதன்று, அளவையின்மையைக் குறிப்பது." அதன் கீழே ஒப்பமிட்டோம். பத்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்த எழுத்தனின் ஒரு பக்கம், ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெறப் போகிறது. அது நம் தவற்றின் பக்கமாயினும், நாம் எழுதியவற்றுள் மெய்யான பக்கம் அதுதான்.

அவள் மறுபடியும் தொடங்கினாள். ஞாயிறும் திங்களும் சேர்ந்த தொகையை 'இரண்டு நாள் கூட்டு' என்றே குறித்துக்கொண்டாள். அந்த நான்கு நாளுக்கு 'என்.ஏ.' இட்டாள். அண்டை மானிகளின் அளவைக் கொண்டு, இங்கே இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் பெய்திருக்கலாம் என்று ஒரு வரம்பைக் கணக்கிட்டாள். முன்பு அவள் ஏட்டில், பெருமழையின் அளவு 'இவ்வளவு' என்று ஒற்றை எண்ணாக அழகாக நின்றது. இப்போது 'இவ்வளவு என்று அறுதியிட்டுக் கூற இயலாது. இதற்குக் குறையாது என்று கூறலாம்' என்று நிற்கிறது. அழகு குறைந்துவிட்டது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஆனால் பாலம் கட்டுபவருக்கு இந்த அழகற்ற வாக்கியம்தான் பயன்படும்.

ஏடு இன்னும் முடியவில்லை. வங்கித் தேர்வின் விண்ணப்பம் அவள் தந்தையாரின் அலமாரியில் நிரப்பப்படாமல் இருக்கிறது. அவர் இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை என்பதும் நமக்குத் தெரியும். அவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நண்பரே, உம்மைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. உம் மகள் இழந்த மாதங்களுக்கு நாம் கடன்பட்டவர். அந்தக் கடனைத் தீர்க்கும் வகை தெரியாமல்தான் இம்மேடையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது இரண்டு. முதலாவது, நம் பிள்ளைகளுள் யாரேனும் ஆய்வு செய்யப் புறப்பட்டால், "எப்போது முடியும், எவ்வளவு சம்பளம்?" என்று வாசலில் நிறுத்திக் கேட்பதைச் சிறிது குறைத்துக்கொள்வோம். "என்ன கண்டாய்?" என்று கேட்போம். கல்கத்தா வகுப்பறையில் ஒரு மாணவர் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு விதி பிறந்தது. நம் திண்ணையில் கேட்கும் நல்ல கேள்வியாலும் ஏதேனும் பிறக்கலாம். இரண்டாவது, நம்முள் பலர் ஏதோ ஓர் இடத்தில் எண்களை எழுதுவோர். தொழிற்சாலையில் உற்பத்திக் கணக்கு, பள்ளியில் வருகைக் கணக்கு, மருத்துவமனையில் காய்ச்சல் கணக்கு. நாம் எழுதுவதை யாரோ ஒருவர், பத்தாண்டு கழித்து, நம் முகம் அறியாமல், நம்பி எடுத்துப் படிப்பார். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதும் துணிவு நமக்கு வேண்டும்.

இப்பொழுது நம் மேசையில் இருப்பது வேறு பதிவேடு. சென்ற வாரம் ஒரு கட்டம் காலியாக இருந்தது. பழக்கத்தால் கை சுழியை நோக்கிப் போயிற்று. நிறுத்திக்கொண்டு, 'அளக்கவில்லை' என்று எழுதினோம். கட்டம் சிறிது, எழுத்து வெளியே வழிந்தது. வழிந்தால் வழியட்டும்.